லெந்துலி குடும்பத்தில் ஒரே ஆள்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, கேட்டு வாங்கினேன். எவரிஸ்தோ ப்ரொயெத்தி ஒரு குளிர்காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், தன் சமையலறை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னது இது. கேட்க முதல் உரிமை உள்ளவர் வேறொருவர். அவர் காத்திருக்கும்போது உங்களிடம் முதலில் சொல்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

எவரிஸ்தோவை முதலில் பார்த்தது 1999இல், ரொக்காஃபுஸ்கா நகராட்சியில். பிறப்பு, இறப்பு, திருமணம், குடியிருப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான் பதிவாளர். நான் இந்த ஊர் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. படிவத்தில் பெயர் என்று ஒரு கட்டம், குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். இரண்டாவதை வெறுமையாக விட்டு நீட்டினேன்.

"குடும்பப் பேர் எழுதலையே?"

"எனக்குக் கிடையாது."

"எல்லாருக்கும் உண்டு."

"எங்க ஊர்ல கிடையாதுங்க. அப்பா பேரோட முதல் எழுத்து மட்டும்தான்."

பேனாவைக் கீழே வைத்தார். "உங்க அப்பாவுக்கு?"

"அவரோட அப்பா பேர்ல முதல் எழுத்து."

"அவருக்கு?"

"அவருக்கும் அப்படித்தான்."

"ஆக, ஒரு தலைமுறைக்கு ஒரு எழுத்து. அதுவும் அடுத்த தலைமுறைக்குப் போகாது." அரிய நோயாளியைப் பார்க்கும் மருத்துவரைப் போல என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவின் பெயரைக் கேட்டு அந்தக் கட்டத்தில் எழுதினார்: சிங்காரம். அன்று முதல் இந்த ஊரில் என் பெயர் அதுதான். மருந்துக்கடையில் "சிஞ்ஞோர் சிங்காரம்" என்று மரியாதையாகக் கூப்பிடும்போது, இறந்து முப்பது வருஷமான அப்பா எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறாரோ என்று இன்றும் ஒரு கணம் தோன்றும்.

[இந்தச் சந்திப்பு கதைக்குத் தேவையில்லை. எடுத்துவிட்டுப் பார்த்தேன். எவரிஸ்தோவும் கூடவே போய்விட்டார். அதனால் இருக்கட்டும்.]

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"1983 பிப்ரவரி ஒன்பதாம் தேதி ரொக்காஃபுஸ்காவில் பனி பெய்தது." வானிலை அறிக்கை மாதிரி இருந்தது.

"பதினோரு குழந்தைகளுக்குக் குடும்பப் பெயர் கொடுத்தவருக்குக் குடும்பமே இல்லை." சாமர்த்தியமான வரி. எழுதிய அன்று ரொம்பப் பிடித்திருந்தது. மறுநாள் கூசியது.

"பருப்பு என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு பெண்…" நீங்கள் சிரித்துவிடுவீர்கள். சிரிக்கலாம்தான், ஆனால் இன்னும் நேரம் வரவில்லை.

எனவே அவருடைய வேலையிலிருந்து தொடங்குகிறேன். இந்த நாட்டில் ஒரு பெண் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, தன் பெயரைச் சொல்லாமலே போய்விடலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அப்படி விடப்பட்ட குழந்தைக்குப் பெயரும் குடும்பப் பெயரும் வைக்க வேண்டியது பதிவாளரின் பொறுப்பு. பெயரைப் பார்த்தவுடன் இது விடப்பட்ட குழந்தை என்று தெரியக் கூடாது. அந்தக் காலத்தில் தெரிகிற மாதிரிதான் வைத்திருக்கிறார்கள். ப்ரொயெத்தி என்ற பெயரே அப்படி வந்ததுதான். லத்தீனில் அதற்குத் தூக்கி எறியப்பட்டவன் என்று பொருள். எவரிஸ்தோவின் கொள்ளுத்தாத்தாவை யாரோ ஒரு மடத்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாலு தலைமுறையாகக் குடும்பத்தில் எல்லோரும் அந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த வருஷமே எவரிஸ்தோ ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். பள்ளிக்கூடத்து லத்தீன் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய ரோமானியக் குடும்பங்களின் பெயர்களை எழுதினார். அம்மாவும் அப்பாவும் இல்லாத குழந்தைக்கு இரண்டாயிரம் வருஷத்துப் பெயராவது இருக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

எழுத எழுதத்தான் அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. அந்தப் பெரிய மனிதர்களின் பெயரெல்லாம் பட்டப்பெயர்கள். கிளாடியஸ் என்றால் நொண்டி. வாரஸ் என்றால் கால் வளைந்தவன். கிராசஸ் என்றால் தடியன். யாரோ ஒரு முப்பாட்டனைத் தெருவில் கேலி செய்தது, சந்ததிக்கெல்லாம் பட்டமாக நின்றுவிட்டது. உடற்குறையைச் சொல்லும் பெயர்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்தார். பட்டியலில் பாதி போயிற்று.

மீதி இருந்தவற்றில் ஒரு மளிகைக் கடை இருந்தது. ஃபாபியஸ் என்றால் மொச்சை. பீசோ என்றால் பட்டாணி. லெந்துலஸ் என்றால் பருப்பு, நம்முடைய மைசூர்ப் பருப்பின் சொந்தக்காரப் பருப்பு. கொண்டைக்கடலைக்கும் ஒரு குடும்பம் உண்டு. அந்தக் குடும்பத்தில் ஒருவர் வாய் ஓயாமல் பேசியதால், ஊர் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டிக்கு இன்றும் இங்கே அவர் பெயர்தான்.*

* பெயர்கள் வார்த்தைகளாகித் தெருவுக்கு வந்தது தனிக் கதை. நாம் ஜூலை என்று சொல்லும் மாதம் ஒரு குடும்பப் பெயர். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் சிசேரியன் என்று சொல்வதும் ஒரு ரோமானியக் குடும்பத்தின் பெயரிலிருந்துதான் என்கிறார்கள். வெஸ்பசியானோ என்ற பேரரசர் மூத்திரத்துக்கு வரி போட்டார். இங்கே தெருவோரச் சிறுநீர்க் கழிப்பிடத்துக்கு அவர் பெயர். "என் பேரு எறியப்பட்டவன்னா என்ன இப்போ, அவர் பேர்ல ஊரே ஒதுங்குது" என்பார் எவரிஸ்தோ. அவர் அடிக்கடி சொல்லிச் சிரித்த ஜோக் இது ஒன்றுதான்.

3

பனி பெய்த அந்தக் காலையில், மருத்துவச்சி அதல்ஜீசா பூட்ஸைத் தட்டித் தட்டி உதறிக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"ஏம்ப்பா எவரிஸ்தோ, ஒரு பொண்ணு. தாய் பேர் சொல்லல. விடியக்காலையிலயே எழுந்து போயிட்டா."

"குழந்தையைப் பார்த்துட்டா போனா?"

"பார்த்தா. கையிலகூட வாங்கினா. அப்புறம் போயிட்டா." அதல்ஜீசா ஹீட்டர் பக்கம் போய்க் கையை நீட்டினாள். "பேர் நீவெஸ்னு போடு. பனி பெய்யுது பாரு. மத்ததை நீ பார்த்துக்கோ. உன்கிட்டதான் பெரிய பெரிய பேரெல்லாம் இருக்கே."

எவரிஸ்தோவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. நோட்டைத் திறந்தார். பத்துப் பெயர்கள் ஏற்கெனவே போய்விட்டன. அடுத்து இருந்தது லெந்துலஸ். அதை இந்தக் கால வழக்குக்கு மாற்றி, பதிவேட்டில் எழுதினார்: நீவெஸ் லெந்துலி. ஓசையைச் சொல்லிப் பார்த்துத் திருப்திப்பட்டாராம். கதவைத் திறந்து வைத்த வீடு மாதிரி ஓசை என்று என்னிடம் சொன்னார். [அவர் சொன்ன உவமை. எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அவருடையது.]

குழந்தையின் இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்ததை அதல்ஜீசா சொல்லவில்லை. சீட்டிலும் இல்லை. அதை மருத்துவர்கள் வாரோ பாதம் என்பார்கள். அவர் சிவப்பு மையால் அடித்த அதே வாரஸ்தான்.

4

விடப்பட்ட குழந்தைகளைச் சீக்கிரமே யாராவது தத்து எடுப்பார்கள். எடுத்தவர்களின் குடும்பப் பெயர் குழந்தைக்கு வந்துவிடும். நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்ததும், பதிவாளர் பழைய பதிவின் பக்க ஓரத்தில் சிறிய எழுத்தில் அதைக் குறிக்க வேண்டும். எவரிஸ்தோ பத்துக் குழந்தைகளுக்கு அப்படி எழுதினார். தான் கொடுத்த பெயர் ஆறு மாதமோ ஒரு வருஷமோ வாழ்ந்து, ஓரத்தில் ஒரு குறிப்போடு முடிந்துபோகும். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. "அந்தப் பேர் செத்தா குழந்தைக்கு வீடு கிடைச்சிருச்சுன்னு அர்த்தம்" என்றார்.

பதினோராவது பக்கத்தின் ஓரம் வெள்ளையாகவே இருந்தது.

84 போயிற்று. 85 போயிற்று. நீதிமன்ற முத்திரை போட்ட உறை வரும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பிரிப்பார். வேறு யாருடைய விவகாரமாகவோ இருக்கும். 87இல் நீதிமன்ற அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார்.

"அந்தக் குழந்தை கன்னியாஸ்திரீங்க நடத்துற இல்லத்துல இருக்கு. கால் சரியில்ல. யாரும் கேட்டு வரல" என்றாள் அங்கிருந்த பெண்.

"கேட்டு வரணும்னா என்ன செய்யணும்?"

"யாருக்கு, உங்களுக்கா? கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

"தம்பதிக்குத்தான் கொடுப்பாங்க, சிஞ்ஞோர்."

"சரி" என்று வைத்துவிட்டார். அதன்பின் ஒரு கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று இரண்டு வாரம் தீவிரமாக யோசித்தாராம். யாரை என்பதில்தான் யோசனை நின்றது.

1990 மே மாதம் ஒரு ஞாயிறு. இல்லத்தில் பார்வையாளர் நாள் என்று விசாரித்து வைத்திருந்தார். நல்ல கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி க்ரீம் பன் வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனார். கம்பிக் கதவு திறந்திருந்தது. முற்றத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் ஒரு பெஞ்சில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். இடது காலில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ். பந்து ஒன்று அவள் பக்கம் உருண்டு போயிற்று. எழுந்து எடுக்கப் போனாள்.

"லெந்தா! லெந்தா! சீக்கிரம் வா, லெந்தா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

லெந்தா என்றால் மந்தமானவள், நிதானமாக நடக்கிறவள். லெந்துலி என்ற பெயரிலிருந்து அதைப் பிய்த்து எடுக்க ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அகராதி தேவைப்படவில்லை.

எவரிஸ்தோ கதவுக்கு இந்தப் பக்கமே நின்றார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் பந்தை எடுத்து, எறியாமல், கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு அதே பெஞ்சுக்குத் திரும்பி அதே மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் திரும்பிப் பஸ் ஏறினார்.

மறுநாள் மாவட்ட நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தார். லெந்துலஸ்: பருப்பிலிருந்து வந்தது என்பர் சிலர். கொஞ்சம் மந்தமானவன் என்ற பொருளில் வந்தது என்பர் வேறு சிலர். அவருடைய பள்ளிக்கூட அகராதியில் இரண்டாவது வரிக்கு இடம் இருந்திருக்கவில்லை.

5

இங்கே எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் கோபம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளே போயிருக்கலாமே. பத்து அடி.

என்னால் முடிந்ததைச் செய்து பார்த்தேன். 'எவரிஸ்தோ மெல்ல நடந்து சென்று அந்தச் சிறுமியின் அருகில்' என்று எழுதினேன். வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. 'ஒரு கன்னியாஸ்திரீயிடம் பெட்டியைக் கொடுத்து' என்று எழுதினேன். அதுவும் நின்றது. கதையில் நான் தள்ளினாலும் அவர் நகர மறுத்தார். ஒரு ஞாயிறு நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏன் உள்ள போகல?"

அவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். "போய்க் கூப்பிடணும்ல? எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறது? அந்தப் பேரைத்தானே அவங்க கத்திக்கிட்டிருந்தாங்க. அதை வச்சவனே நான்தான்னு போய் நிக்கணுமா?"

"நீவெஸ்னு கூப்பிட்டிருக்கலாம்."

பழத்தை உரிப்பதை நிறுத்தினார். "அது எனக்கு அன்னிக்குத் தோணல, சிங்காரம்" என்றார். பாதி உரித்த பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டார். கேட்டிருக்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. க்ரீம் பன் பெட்டி என்ன ஆயிற்று? முதல் தடவை சொன்னபோது, பஸ் சீட்டில் மறந்து விட்டுவிட்டதாகச் சொன்னார். அடுத்த தடவை, வாசலில் இருந்த கன்னியாஸ்திரீயிடம் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். கடைசித் தடவை, பஸ்ஸில் உட்கார்ந்து ஆறையும் தானே தின்றதாகவும், வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்ததாகவும் சொன்னார். மூன்றில் எது உண்மை என்று கண்டுபிடிக்க ஒரே வழி, நீவெஸிடம் போய், ஏழு வயதில் யார் கொடுத்தார்கள் என்று தெரியாமல் ஒரு க்ரீம் பன் தின்ற ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பது. கேட்டால் மீதியையும் சொல்ல வேண்டிவரும்.

எனக்கு மூன்றாவதுதான் உண்மை என்று படுகிறது. ஆறு பன்னையும் தனியாளாக, கோட்டில் க்ரீம் சிந்த, ஜன்னலைப் பார்த்தபடி. நிரூபிக்க முடியாது.

6

அவள் வந்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபரில், ஒரு ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு. எவரிஸ்தோ ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியிருந்தது. மூடிப்போன செருப்புக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், ஒரு தட்டும் ஒரு முள்கரண்டியும் கழுவி வைத்துவிட்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். படியில் காலடி கேட்டது. ஒன்று அழுத்தமாக, ஒன்று லேசாக. ஏறி முடிக்க நேரமாயிற்று. தபால்காரன் இப்படி ஏற மாட்டானே என்று நினைத்தாராம்.

"எவரிஸ்தோ ப்ரொயெத்தி நீங்கதானா?"

"ஆமா."

"நான் நீவெஸ் லெந்துலி."

கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். "அந்தப் பேரை முழுசா ஒருத்தர் வாயால நான் அதுவரைக்கும் கேட்டதே இல்ல" என்று என்னிடம் சொன்னார்.

நாற்பது வயதுப் பெண். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிற வேலை. [லென்ஸ் என்ற சொல்லும் அந்தப் பருப்பிலிருந்து வந்ததுதான், வடிவம் அப்படி. படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்று ஒரு பிரதியில் அவளைத் தையல்காரியாக மாற்றினேன். பிறகு அவள் எதற்காக என் வசதிக்கு வேலையை விட வேண்டும் என்று பழையபடியே விட்டேன்.] காபி வேண்டாம் என்றாள். பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். குடும்பப் பெயரை மாற்றிக்கொள்ள அரசுக்குக் கொடுக்கும் விண்ணப்பம். காரணம் என்ற இடம் காலியாக இருந்தது. புதிய பெயர் என்ற இடமும் காலிதான்.

"ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போகத்தான் வந்தேன். நாலு மணிக்கு பஸ். இந்தப் பேர்ல இந்த நாடு முழுக்கத் தேடியாச்சு. டெலிபோன் புத்தகம், சர்ச் பதிவு, கல்லறை எல்லாம். ஒருத்தர் கிடையாது. சின்ன வயசுல இது அம்மா விட்டுட்டுப் போன அடையாளம்னு நினைச்சிருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, இதை வச்சது ஒரு குமாஸ்தான்னு."

"பதிவாளர்" என்றார் எவரிஸ்தோ.

"என்னது?"

"குமாஸ்தா இல்ல. பதிவாளர்." சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "சரி, பதிவாளர். என் காலைப் பார்த்துட்டா இந்தப் பேரை வச்சீங்க?"

"இல்ல. சத்தியமா இல்ல. உங்களை நான் பார்க்கல. சீட்டு மட்டும்தான் வந்துது."

உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். சிவப்பு மையால் அடித்த பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பொருள் சொன்னார். நொண்டி, அடித்தது. வளைந்த கால், அடித்தது. தடியன், அடித்தது.

"இவ்வளவு யோசிச்சீங்களா?"

"ஆமா."

"யோசிச்சு யோசிச்சு, கடைசியில எனக்கு மந்தம்னு வச்சிட்டீங்க."

"பருப்புன்னு நினைச்சேன்."

"என்ன?"

"பருப்பு. சின்ன அகராதியில அது மட்டும்தான் இருந்துது."

அவள் நோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று எவரிஸ்தோவுக்குத் தெரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"நாப்பது வருஷமா" என்றாள் அவள். "யாரோ என் காலைப் பார்த்து, நல்லா யோசிச்சு, என் நெத்தியில எழுதி ஒட்டி அனுப்பியிருக்காங்கன்னே நினைச்சிருந்தேன். பார்க்காம வச்சீங்கன்னா சரி. மழை வந்து நனைச்ச மாதிரி. மழைமேல கோபப்பட முடியாதுல்ல."

எவரிஸ்தோ தலையை ஆட்டினார்.

"அந்த இல்லத்துல மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு பார்வையாளர் நாள். பதினெட்டு வருஷத்துல எனக்குன்னு ஒருத்தர் வந்ததில்ல. மத்த பிள்ளைங்க கேட்டையே பார்த்துக்கிட்டிருக்கும். நான் திரும்பி உட்கார்ந்துப்பேன். வரலைங்கிறதைப் பார்க்க வேணாம் பாருங்க." தண்ணீரைக் குடித்தாள். "அதுலயும் ஒரு நல்லது இருக்கு. என்னைப் பார்த்துட்டு விட்டுட்டுப் போனது அம்மா ஒருத்திதான். வேற யாரும் கிடையாது. ஒண்ணோட போச்சு."

அப்போதுதான் எவரிஸ்தோ சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்ததாம். "டம்ளர்ல இன்னும் தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

7

நாலு மணி பஸ்ஸுக்கு அவள் போனாள். விண்ணப்பத்தை எழுதாமலே பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு திரும்பவும் வந்தாள். கையில் ஒரு பொட்டலம் பருப்பு. "சொந்தக்காரங்க" என்று சொல்லி மேஜைமேல் வைத்தாள். இருவரும் அதைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். எவரிஸ்தோ கடைக்குப் போய் இன்னொரு தட்டு வாங்கினார்.

அதன் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு அவள் வருவாள். மற்ற ஞாயிறுகள் எனக்கு. அவள் வருகிற நாளில் அவர் பன்னிரண்டு மணிக்கே ஜன்னலுக்கு வந்துவிடுவார் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். என்னிடம் ஒவ்வொரு தடவையும் இதே பேச்சுதான்.

"சொல்லிடணும், சிங்காரம். ஒருத்தன் வந்தான்னு தெரிஞ்சா அவளுக்கு நல்லதுதானே?"

"சொல்லுங்க."

"வந்தவன் திரும்பிப் போயிட்டானே. ரெண்டாவது ஆள் ஆயிடுவேனே."

"அப்போ சொல்லாதீங்க."

"சொல்லாம அவ சமைச்ச பருப்பைத் திங்க முடியலப்பா."

ஒரு ஞாயிறு, தான் சொல்லாமல் போய்விட்டால் நான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அடுத்ததில், உயிர் போனாலும் சொல்லக் கூடாது என்றார். அதற்கு அடுத்ததில் மீண்டும் முதலாவது. இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றவர் சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மறுபடி பேசவில்லை. நீவெஸ் வந்து மூன்று நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலுக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தேன்.

அடக்கத்துக்கு ஏழு பேர். தேவாலய வாசலில் வந்தவர்கள் கையெழுத்திடும் ஏடு ஒன்று வைத்திருந்தார்கள். மற்றவர்கள் கிறுக்கிவிட்டுப் போனார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு எழுத்தாக, படிக்கும்படி, தன் முழுப் பெயரையும் எழுதினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"சிஞ்ஞோர் சிங்காரம், நீங்க எழுதுவீங்களாமே. அவர் சொல்லியிருக்கார். எங்களைப் பத்தி எழுதியிருக்கீங்களா?"

பொய் சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். அந்த வினாடி போய்விட்டது. "எழுதிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

"முடிச்சதும் எனக்கு வாசிச்சுக் காட்டணும். உங்க மொழியில எழுதினதை எங்க பேச்சுல மாத்தி, வரி வரியா. அப்புறம்தான் இந்த விண்ணப்பத்தை என்ன பண்றதுன்னு முடிவு பண்ணுவேன்."

"ஏன், அதுக்கும் இதுக்கும் என்ன?"

"தெரியல. அவர் என்னமோ சொல்லாம வச்சிருந்தார். பருப்பு சாப்பிடும்போதெல்லாம் தொண்டையில நிக்கும் அவருக்கு. உங்களுக்கும் நிக்குது, இப்பவே."

8

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவள் விண்ணப்பத்தில் புதிய பெயர் என்ற இடத்தில் ப்ரொயெத்தி என்று எழுதுகிறாள். எழுதிவிட்டு நானே கண் கலங்கினேன். பிறகு அந்தப் பெயரின் பொருள் ஞாபகம் வந்தது. மந்தத்திலிருந்து தப்பித்து எறியப்பட்டவளாகப் போவதா? கிழித்தேன்.

இரண்டு: அவள் விண்ணப்பத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து… வேண்டாம். காகிதத்தைக் கிழிக்கும் முடிவுகளை நானே நிறையக் கிழித்திருக்கிறேன்.

மூன்று: நாலாம் பகுதியின் பின்பாதியையும், ஐந்தாம் பகுதி முழுவதையும், பின்னால் அதைத் தொடும் வரிகளையும் எடுத்துவிடுவது. எடுத்துப் பார்த்தேன். கதை அழகாக நின்றது. நல்ல மனிதர் ஒருவர் தெரியாமல் ஒரு தவறு செய்கிறார், நாற்பது வருஷம் கழித்து அது சிரிப்பில் தீர்கிறது, இரண்டு தனியாட்கள் சேர்ந்து பருப்பு சாப்பிடுகிறார்கள். பத்திரிகைக்காரர்கள் விரும்பிப் போடுவார்கள். ஆனால் அதில், நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு கதவுக்கு வெளியே நின்ற மனிதர் இல்லை. அவர் வாழ்நாளில் யாருக்காகவும் அவ்வளவு தூரம் போனதில்லை. அதை எடுத்துவிட்டால் நான் எழுதியிருப்பது வேறு ஒரு பதிவாளரைப் பற்றி.

இப்போது மேஜைமேல் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்றில் அந்த ஞாயிறு இருக்கிறது. இன்னொன்றில் இல்லை. நீங்கள் படித்தது எது என்று உங்களுக்குத் தெரியும். அவளைத் தவிர மற்ற எல்லோரும் அதைத் தெரிந்துகொண்டாயிற்று என்பது எனக்கு ரொம்ப உறுத்துகிறது. எதை அவளுக்கு வாசிப்பது என்று நானே தீர்மானிக்கலாம்தான். ஆனால் அவரோடு அத்தனை ஞாயிறு உட்கார்ந்திருந்தவன் நான். யாருக்கு நல்லது என்று பார்க்கும்போது என் கண்ணுக்கு அவர்தான் முதலில் தெரிகிறார். நீங்கள் இரண்டு பேருக்கும் வேண்டியவர் இல்லை. உங்களால் நேராகப் பார்க்க முடியும்.

இன்று ஞாயிறு. மணி மூன்று. கீழே தெருக்கதவு திறந்து மூடியது. நான் இருப்பது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காலடி கேட்கிறது, ஒன்று அழுத்தமாக, ஒன்று லேசாக. மேலே வந்து சேர அவளுக்கு நேரம் எடுக்கும். அதற்குள் சொல்லுங்கள்.